சாரல் அடிக்கும் பக்கம் ஒரு ஜன்னல்

என் செல்லத் தம்பி சேகருக்கு,

காதில் விழும் தூரத்தில்தான் இருக்கிறாயா, இல்லை போயே போய்விட்டாயா என்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ உயிரோடு இருந்தவரை உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. நான் பிடோக், நீ செங்காங், ஒரே சிங்கப்பூருக்குள் கடிதம் எதற்கு? போனை எடுத்தால் திட்டலாம். திட்டி முடிப்பதற்குள் நீ டாக்ஸியைக் கீழே நிறுத்திவிட்டு மேலே வந்து நிற்பாய். இப்போது உன்னைத் திட்டுவதற்கும் எனக்கு இந்தத் தாளை விட்டால் வேறு வழி இல்லை.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன் என்றதும் உன் அத்தானுக்கு முகம் தொங்கிவிட்டது. "என் பேரை மட்டும் போட்டுடாத, ஊரே சிரிக்கும்லா" என்றார். சரி, போடவில்லை. அவர் ஏன் பயப்படுகிறார் என்பது போகப் போகத் தெரியும்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். என் தம்பி சிங்கப்பூரில் டாக்ஸி ஓட்டினான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், மனைவி மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் கடற்பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூர் போய், அங்கே சொந்தக்காரர் வீட்டில் நிறுத்தி வைத்திருந்த பழைய காரை எடுத்துக்கொண்டு கோத்தா திங்கிப் பக்கம் பறந்துவிடுவான். மல்லிகா மலேசியாக்காரி. அவள் அப்பா விட்டுப்போன சின்ன டுரியான் பழத்தோட்டம் அங்கே இருக்கிறது. அதன் நடுவில் இவன் தன் கையாலேயே ஒரு பலகை வீடு கட்டினான். ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒரு தாழ்வாரம், மேலே தகரக் கூரை. அவ்வளவுதான் வீடு. அதைக் கட்டி முடித்தபோது ஏதோ பங்களா கட்டியவன் போல எங்களையெல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்தான்.

அந்த விருந்தில் உனக்கும் மல்லிகாவுக்கும் நடந்த சண்டை நினைவிருக்கிறதா? அறையின் மேற்குப் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்கவேண்டும், படுத்துக்கொண்டே டுரியான் மரங்களைப் பார்க்கவேண்டும் என்று நீ. "அந்தப் பக்கம் சாரல் அடிக்கும், பலகையெல்லாம் ஊறிப்போவும், யாரு தொடைக்கிறது?" என்று அவள். அவள்தான் ஜெயித்தாள். வருஷா வருஷம் நீ கேட்பாய், வருஷா வருஷம் அவள் மாட்டேன் என்பாள். அந்தச் சுவர் மூடியே கிடந்தது.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லவேண்டும். எந்த வீட்டுக்குப் போனாலும், உன் சொந்த வீடாகவே இருந்தாலும், மோதிர விரலால் கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாய். அப்புறம் பாண்டான் இலை, சோற்றுக்கு வாசனைக்குப் போடுவோமே, அது. கரப்பான் அண்டாது என்று டாக்ஸியின் பின்கண்ணாடிக்குக் கீழே எப்போதும் ஒரு கட்டு வைத்திருப்பாய். அந்த வாசனை உன் சட்டையில் ஏறி, தோலிலேயே ஊறிப்போயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் நீ வந்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை காலை மல்லிகா போன் செய்தாள். "அண்ணி, தாழ்வாரத்துலேருந்து எழுந்து உள்ள வந்து படுத்தார். இப்பதான்... ஏழே முக்காலுக்கு... மூச்சு இல்ல அண்ணி" என்றாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுச் சீனத்தம்மா ஓடி வந்துவிட்டாள். உன் அத்தான் என்ன செய்தார் தெரியுமா? அலமாரியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். அவரைக் குறை சொல்லவில்லை. சாவு வீட்டில் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். நான் குரலைப் பிடித்துக்கொண்டேன், அவர் பஞ்சாங்கத்தை.

அதில் அன்று காலை ஆறரை வரை திருவோணம், அதற்குப் பிறகு அவிட்டம் என்று போட்டிருந்தது. நீ போனது ஏழே முக்கால். ஆகவே அவிட்டம். அவிட்டத்தில் போனால் அடைப்பு. உயிர் பிரிந்த இடத்தை ஆறு மாதம் பூட்டி வைக்கவேண்டும். உடலை வாசல் வழியாக எடுக்கக்கூடாது, சுவரைப் பிளந்து எடுக்கவேண்டும். போனவருக்குத் திரும்பி வரும் வழி தெரிந்துவிடக் கூடாது, தெரிந்தால் இன்னொருவரைக் கூட்டிப்போவார் என்பது பயம். அத்தான் நட்சத்திரத்தைச் சொன்னார், ஐயர் அதை வைத்துச் சடங்கைச் சொன்னார். நம் அடுக்குமாடி வீடுகளில் சுவரை இடிக்க முடியாது, அறையைப் பூட்டிவிட்டு விளக்கேற்றுவதோடு சரி. பலகை வீடு வசதியாகப் போயிற்று.

உன் கடப்பாரையாலேயே அந்த மேற்குச் சுவரில் பலகைகளைப் பெயர்த்து எடுத்தார்கள். நீ ஜன்னல் கேட்ட அதே இடம். அதன் வழியாகத்தான் உன்னை வெளியே கொண்டுவந்தோம். பிறகு பலகைகளை ஏனோதானோ என்று மறுபடி அடித்தார்கள். வீட்டுக்காரிதான் பூட்டவேண்டும் என்று மல்லிகா கையில் பூட்டைக் கொடுத்தார்கள். அவளும் பூட்டினாள். பூட்டிய சத்தம் கேட்டு அவள் தோள் ஒரு தடவை தூக்கிப் போட்டது. அதை நான் பார்த்தேன், ஆனால் அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஆறு மாதம் முடிவதற்குள் பெருந்தொற்று வந்து கடற்பாலத்தையே அடைத்துவிட்டார்கள். அடைப்புக்கு மேல் அடைப்பு. பாலம் திறந்தபோது ஜனங்கள் எல்லாம் பெட்ரோல் போடவும் சாமான் வாங்கவும் ஓடினார்கள். நாங்கள் போகவில்லை. "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பார் உன் அத்தான். அடுத்த மாதமும் அதையே சொல்வார். குறித்த காலத்தில் திறக்காத வீட்டைப் பிறகு திறந்தால் என்ன ஆகுமோ என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் உதறல். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மல்லிகா செங்காங் வீட்டை விட்டு வேலைக்கு மட்டும்தான் போவாள். சனி ஞாயிறு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடப்பாள். வாசல் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள்: தட்டாதீர்கள், போன் செய்யுங்கள். பார்சல் கொண்டுவரும் பையன்களின் தொல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் பக்கத்துத் தோட்டத்துச் சீனர் வந்து நிலத்தைக் கேட்டார். டுரியான் பருவம் முடிந்ததும் வீட்டைத் தரைமட்டமாக்கிவிட்டுக் கன்று நடப்போகிறாராம். மல்லிகா மறுபேச்சுப் பேசாமல் சரி என்றுவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்! நேரே செங்காங் போனேன். தாளைக் கிழித்துவிட்டுக் கதவைத் தட்டப் போனேன், ஏனோ கை வரவில்லை, போன்தான் செய்தேன். அவள் வந்து கதவைத் திறந்தாள்.

"மல்லிகா, நிலம் உன்னோடது. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்த வீடு என் தம்பி கை. அத நான் சரி பண்றேன். நீ ஒரே ஒரு தடவை வந்து உள்ள கால் வெச்சுப் பாரு. அப்புறமும் விக்கணும்னா வித்துடு. நான் வாயே தொறக்க மாட்டேன்."

"நீங்க போங்க அண்ணி. நான் வரமாட்டேன்" என்றாள். சாவியை எடுத்து மேசை மேல் வைத்தாள். என் கையில் தரவில்லை, மேசை மேல்தான் வைத்தாள்.

அப்படித்தான், சேகர், பள்ளிக்கூடக் கேண்டீனில் கரண்டி பிடித்த நான் கட்டட மேஸ்திரி ஆனேன். முதல் தடவை போனபோது உன் அத்தான் சட்டைப்பையில் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். லாலான் புல் இடுப்பு உயரம். தாழ்வாரத்துத் தூண் ஒன்றைக் கரையான் தின்று தீர்த்திருந்தது, வெளித்தோல் மட்டும் நின்றது. கூரையில் இரண்டு தகரம் சுருண்டு கிடந்தது. பூட்டில் எண்ணெய் விட்டு, குடைந்து, கடைசியில் திறந்தது. அத்தான் "நீ மொதல்ல போ, உன் தம்பிதான" என்றார்.

கதவைத் தள்ளியதும் பாண்டான் வாசனை.

பழைய வாசனை இல்லை. அப்போதுதான் நீ டாக்ஸியிலிருந்து இறங்கி உள்ளே போனது போல, பச்சையாக, சூடாக.  அத்தானும் மோந்தார். எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. உன் பாய் விரித்தபடியே கிடந்தது. அதன் மேல் இத்தனை வருஷத்துத் தூசி. உன் டீக் கோப்பை கவிழ்த்து வைத்திருந்தது. வெயில் ஏறி நான் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் கேட்டது. டொக், டொக். இரண்டே இரண்டு.

"தகரம் சூடேறுனா அப்படித்தான் சத்தம் போடும்" என்றார் அத்தான் வெளியிலிருந்து. குரல் அவருடையது போலவே இல்லை.

சேகர், உண்மையைச் சொல்கிறேன். நான் பயப்படவில்லை.  எனக்கு ஒரே சந்தோஷம். வெட்கம் கெட்ட சந்தோஷம். இங்கேதான் இருக்கிறானா என் தம்பி, எங்கேயும் போகவில்லையா என்று மனது துள்ளியது. பேயாக இருந்தால்தான் என்ன? நான் இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளைதானே?

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை தவறவில்லை. பக்கத்து எஸ்டேட்டிலிருந்து தச்சு வேலை தெரிந்த ஒருவரைப் பிடித்தோம். தூணை மாற்றினோம். அடுப்படித் தரையைப் பெயர்த்துப் போட்டோம். ஆட்கள் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து நான் உள்ளே போய் உன்னோடு பேசுவேன். பெட்ரோல் விலை, முழங்கால் வலி, அத்தானின் சர்க்கரை, பிடோக்கில் நம் பழைய பரோட்டாக் கடை மூடியது, எல்லாம் சொல்வேன். இடையில் தகரம் டொக் டொக் என்னும். "ஆமாம்லா, நீ சொல்றது சரிதான்" என்பேன். யாராவது பார்த்திருந்தால் என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

ஆனால் ஒன்று கவனித்தேன். கூரைக்குப் புதுத் தகரம் போட்டு ஆணிக்குப் பதில் திருகு முடுக்கியதும் தட்டுவது நின்றுவிட்டது. அடுத்த வாரம் தச்சர் கூரைக்கடியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். "மூசாங் குட்டி போட்டுருக்குக்கா. அதான் வீடு பூரா பாண்டான் வாசம். அது மேல அப்படித்தான் அடிக்கும்" என்றார். மரநாய் மேல் பாண்டான் வாசனை வருமாம். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்கு யார் இதைச் சொன்னார்கள்? அத்தான் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது.

"அது பூந்து வர்ற ஓட்டைய இப்ப அடைக்க வேணாம்" என்றேன் தச்சரிடம். குட்டிகள் பாவம், வளரட்டும் என்று காரணம் சொன்னேன். குட்டிகளாவது மண்ணாவது. வீட்டைச் சரிசெய்யச் சரிசெய்ய நீ குறைந்துகொண்டே போனாய், சேகர். ஒவ்வொரு பலகையாக மாற்றி உன்னை நானே வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறேனோ என்று தோன்றியது. அந்த ஓட்டையை மட்டும் விட்டு வைத்தேன். அப்புறம் மேற்குச் சுவர். கோணல்மாணலாக அடித்த அந்தப் பலகைகளைத் தொட எனக்கும் மனது வரவில்லை.

டுரியான் பருவம் முடியப்போகிறது, வீட்டைத் திறந்து பால் காய்ச்சியாக வேண்டும். மல்லிகா வருவாளோ மாட்டாளோ, நாளையாவது குறித்து வைப்போம் என்று அத்தான் சாப்பாட்டு மேசையில் பஞ்சாங்கத்தை விரித்தார். நான் எதிரே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கெழம நல்லா இருக்கு. இதுல ஏழுன்னு போட்டிருக்கான். ரெண்டரைய கூட்டு, ஒன்பதரை. ஒன்பதரைக்குப் பால் வெச்சுடலாம்."

"எதுக்கு ரெண்டரை?"

"இது மெட்ராஸ்ல அடிச்ச பஞ்சாங்கம்லா. அவங்க டைம் நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால. கூட்டாம பார்த்தா எல்லாமே தப்பாப் போயிடும்."

எனக்குக் கை நின்றுவிட்டது. கீரைக் காம்பை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்குக் கூட்டுனீங்களா?"

"என்னைக்கு?"

"சேகர் போன அன்னைக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பழைய பஞ்சாங்கத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, அந்த வரி அவருக்கு மனப்பாடம். உதடு மட்டும் அசைந்தது. "ஆறரை வரைக்கும் திருவோணம்... அங்க ஆறரைன்னா... இங்க ஒன்பது." அப்புறம் என்னைப் பார்த்தார். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு ஆண்பிள்ளை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. "பாரு... ஏழே முக்காலுக்கு அவிட்டம் பொறக்கவே இல்ல."

அவிட்டம் இல்லை. அடைப்பு இல்லை. சுவரைப் பிளந்திருக்க வேண்டாம். பூட்டியிருக்க வேண்டாம். நீ நல்ல திருவோணத்தில், ராஜா மாதிரி வாசல் வழியாகப் போயிருக்கவேண்டியவன்.

நான் கத்தினேன். வாழ்நாளெல்லாம் ஆபீஸில் கிராணி வேலை பார்த்து, பிறர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய மனுஷன், இந்த ஒரு கூட்டலைக் கோட்டைவிட்டாரே என்று கத்தினேன். அவர் பஞ்சாங்கத்தை மூடி வைத்தார். பிறகு, "நீ பக்கத்துல அழுதுக்கிட்டு இருந்தியா, எனக்கு எழுத்தே தெரியல" என்றார். அதற்குமேல் எனக்குக் கத்த வரவில்லை.

கோபம் அடங்கின பிறகுதான் இன்னொன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. திருவோணம் என்றால் நீ தங்கவில்லை. அன்று காலையே கிளம்பிப் போய்விட்டாய். அப்படியானால் இத்தனை சனிக்கிழமை நான் யாரோடு பேசினேன்? யார் எனக்குத் தட்டிப் பதில் சொன்னது? வெறும் தகரமா? மூசாங்கா? அவிட்டம் தப்பு என்று ஒத்துக்கொண்டால் உன்னை இரண்டாம் முறை பறிகொடுக்கவேண்டும். மல்லிகாவிடம் சொல்லவேண்டாம் என்று நானும் அத்தானும் முடிவு செய்தோம். அவருக்கு மானக்கேடு. எனக்கு ஆசை. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றது.

பால் காய்ச்சப் பாத்திரம் வாங்கவேண்டும் என்று மல்லிகாவைத் தேக்கா கடைத்தெருவுக்கு வரச் சொன்னேன். வீட்டுக்கு வரமாட்டாள், கடைக்காவது வரட்டும் என்றுதான். வந்தாள். சிராங்கூன் ரோட்டுச் சந்தில் ஒரு பாத்திரக் கடை. வாசலில் அடுக்கியிருந்த பித்தளைச் செம்பு ஒன்றைக் கடைக்காரர் எடுத்து, கனம் தெரியட்டும் என்று விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். டங், டங். மல்லிகா வெலவெலத்துப் போனாள். அவள் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது.

"என்னடி?"

"தட்டுறார் அண்ணி." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கண்ண மூடினா வர்றார். அந்த வீட்டுக்கு உள்ளேருந்து தட்டுறார். ரெண்டு தட்டு. திட்டலை, தொறன்னு கேக்கலை. சும்மா தட்டுறார். சாவி என் கையில இருக்கு. நான் தொறக்க மாட்டேங்கறேன். பயமா இருக்கு, தொறக்க மாட்டேங்கறேன். உள்ள வெச்சு நான்தானே அண்ணி பூட்டினேன்?"

சுற்றிலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மாலைக் கடையில் பாட்டு அலறுகிறது. யாரோ என் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்கள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே தட்டல் இவளை இத்தனை வருஷமாகக் கொன்றுகொண்டிருக்கிறது. உன்னை நான் வைத்துக்கொண்டால் இவள் உன்னைப் பூட்டி வைத்தவளாகவே சாவாள். இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

"அவன் உள்ள இல்ல, மல்லிகா" என்றேன். "அன்னைக்கு அவிட்டமே இல்ல. திருவோணம். உங்க அண்ணன் இந்தியா டைம அப்படியே பார்த்துட்டாரு. ரெண்டரை மணி நேரம் கூட்ட மறந்துட்டாரு."

அவள் புரியாமல் பார்த்தாள். மறுபடி சொன்னேன். விரல்விட்டு எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள்.

"அப்ப நான் யார பூட்டினேன்?"

"யாரையும் இல்ல. வெறும் வீட்டத்தான்."

கடை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "இத்தன வருஷம், அண்ணி" என்றாள். "இத்தன வருஷம்!" அதற்குப் பிறகு, நம்பமாட்டாய், சிரித்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். "அண்ணன் ஆபீஸ் கணக்கும் இப்படித்தான் போட்டாராமா?" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே எனக்கு உள்ளே ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. அது நீதான்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். அத்தான் தாழ்வாரத்தில் கையைக் கட்டிக்கொண்டு, தப்புச் செய்த பள்ளிக்கூடப் பிள்ளை போல நின்றார். "என்ன மன்னிச்சிரும்மா" என்றார். "டைம் சரியா பார்த்துத்தான் வரச் சொன்னீங்களா அண்ணே?" என்று கேட்டுவிட்டு அவள் படி ஏறினாள். வாசல் கதவு திறந்துதான் இருந்தது. அவள் நின்றாள். கையைத் தூக்கி, திறந்த கதவில் இரண்டு தட்டு தட்டினாள். அப்புறம்தான் உள்ளே போனாள். நான் அடுப்படிக்குள் ஓடிப்போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பால் பொங்கியது. ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம். உன் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி வைத்தாள். பிறகு அறைக்குள் போய் மேற்குச் சுவர் முன்னால் நின்றாள். அந்தக் கோணல் பலகைகளைத் தடவிப் பார்த்தாள். ஒரு ஆணி பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் ஆட்டிக்கொண்டே நின்றாள்.

"விக்கிறதா இருந்தா சொல்லு" என்றேன். வாயே திறக்கமாட்டேன் என்று சொன்னவள்தான், பொறுக்கமுடியவில்லை.

"இங்க ஒரு ஜன்னல் வெக்கணும் அண்ணி" என்றாள். "பெரிசா."

சீனருக்கு நிலம் இல்லை என்று அவளே போய்ச் சொல்லிவிட்டாள். மனுஷன் ஒன்றும் நினைக்கவில்லை, ஒரு கூடை டுரியான் கொடுத்தனுப்பினார்.

ஜன்னல் வைத்தாகிவிட்டது. படுத்துக்கொண்டே பார்த்தால் நீ சொன்னது போலத்தான், மரங்கள் வரிசையாகத் தெரிகின்றன. மூசாங் குட்டிகள் வளர்ந்து போய்விட்டன. கூரை ஓட்டையை நானே நின்று அடைக்கச் சொன்னேன். இப்போது வீட்டில் சுண்ணாம்பும் புதுப்பலகையும்தான் மணக்கிறது. கூரை வெயிலில் வாயே திறப்பதில்லை. டீ நேரத்தில் பழக்கதோஷத்தில் அறைக்குள் போய் நிற்கிறேன்.  கேட்க ஆள் இல்லாத வீட்டில் என்ன பேசுவது? அதனால்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிறு கிளம்பும்போது மேற்கே மேகம் கறுத்திருந்தது. ஜன்னலைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன். ரொம்ப நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். போய் வா, தம்பி என்று மனதுக்குள் சொன்னேன். காரில் ஏறியதும் மல்லிகா கேட்டாள்.

"அண்ணி, ஜன்னல சாத்திட்டீங்களா?"

"சாத்திட்டேன். மழை வருது பாரு."

அவள் இறங்கினாள். கைப்பையைக் கூட எடுத்துக்கொள்ளாமல் வீட்டுக்குள் போனாள். கொக்கி கழலும் சத்தம் கார் வரைக்கும் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள்.

"தொறந்தே இருக்கட்டும் அண்ணி. வந்தா வரட்டும். இப்ப எனக்கு பயமில்ல."

அத்தான் காரை எடுத்தார்.  கடற்பாலம் வரை மழை.

சேகர், நீ திருவோணத்தில் போனவன். உனக்குத் திரும்பி வர வேலையில்லை என்று எனக்குத் தெரியும். வரவேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஆனாலும் அந்த ஜன்னலை இனி நான் சாத்தமாட்டேன். சாரல் அடித்துப் பலகை ஊறினால், ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் துடைக்கிறேன். யார் துடைப்பது என்றுதானே அன்றைக்கு அத்தனை சண்டை? முழங்கால் மடங்கும் வரைக்கும் அது என் வேலை. இது சத்தியம்.

ஒரே மடியில் உனக்கு முன்னால் படுத்தவள், இப்போது உனக்குப் பின்னால் வரப்போகிறவள்,
உன் பாரு அக்கா